அஞ்சாமையும் திருவருளும்: 1915ஆம் ஆண்டுக் கொழும்பும் இராமநாதனும்

மனிதனைப் பற்றும் உணர்ச்சிகளுள் அச்சம் மிகப் பழையது. இருளுக்கும் இடிக்கும் அஞ்சியவன், காலப்போக்கில் அரசனுக்கும் படைக்கும் அஞ்சக் கற்றுக்கொண்டான். இறைவனை நம்பினார் அஞ்சார் என்று சமயங்கள் பலவும் ஒருமுகமாகக் கூறுகின்றன. கூறுதல் எளிது. நாள்தோறும் கோயிலுக்குச் செல்வோருட் பலர், நள்ளிரவிலே கதவு தட்டப்படும் ஓசை கேட்டவழி நடுங்கியே போகின்றனர். அவரை இகழ்தலும் முறையன்று. நம்பிக்கை அச்சத்தை எவ்வாறு வெல்கின்றது, வென்றபின் மனிதனைக் கொண்டு எதனைச் செய்விக்கின்றது என்பனவற்றைத் தத்துவ நூல்களில் மாத்திரம் தேடாது, ஊரும் ஆண்டும் பெயரும் உடைய ஒரு நிகழ்ச்சியில் வைத்து நோக்குதல் பயன் தரும். அத்தகைய நிகழ்ச்சியொன்று கொழும்பு மாநகரிலேயே 1915ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதன் நடுநாயகமாக நின்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

கொட்டாஞ்சேனையைச் சார்ந்த கொச்சிக்கடையிலே, துறைமுகத்துக்கு அணித்தாக, கருங்கல்லாலாய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் நிற்கின்றது. பாரவண்டிகளின் ஓசையும் சந்தை இரைச்சலும் நிறைந்த தெருவிலிருந்து அதனுட் புகுவோர், சில அடி தூரத்திலேயே வேறோர் உலகை அடைந்தாற்போல உணர்வர். தூண்களின் தண்மையும் மண்டபத்தின் மங்கிய ஒளியும் அவ்வாறு செய்கின்றன. இராமநாதனின் தந்தையார் பொன்னம்பல முதலியார் 1856ஆம் ஆண்டளவில் அக்கோயிலை நிறுவினார். சொலிசிற்றர் ஜெனரல் பதவியிலிருந்து 1906இல் இளைப்பாறிய இராமநாதன், மறு ஆண்டிலேயே அதனைத் தென்னிந்தியக் கற்கோயில்களின் முறையிற் புதுக்கத் தொடங்கி 1912இல் முற்றுவித்தார். உடலுழைப்பும் பெரும்பொருளும் வேண்டிய அப்பணியைத் துறைமுகத்தருகே, வணிகமே தொழிலாகவுள்ள ஒரு பகுதியில் அவர் செய்வித்தமை நோக்கத்தக்கது.

பொன்னம்பலவாணர் என்பது தில்லைக் கூத்தப்பெருமானின் திருநாமம். அப்பெருமானின் திருக்கரங்களுள் ஒன்று துடி ஏந்தும். ஒன்று தீ ஏந்தும். வலப்பால் முன்கரம், ஏந்துவது ஒன்றுமின்றி, அடியாரை நோக்கி விரிந்து நிற்கும். அதனை அபய கரம் என்பர். சைவ சித்தாந்திகள் அதனைக் காத்தற்றொழிலுக்கு உரியதாக்கி விளக்குவர். அழிக்கும் தீயும் அஞ்சேல் என்னும் கையும் ஒரே திருமேனியிலே அமைந்திருத்தல் ஆழ்ந்த கருத்துடையது. உலகிலே தீ இல்லை என்று அவ்வடிவம் சொல்லவில்லை. தீயும் அபயமும் ஒருவனுடைய கைகளிலேயே உள என்பதே அது காட்டும் உண்மை. உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் இறைவன் நிற்கின்றான் எனச் சித்தாந்தம் கூறுவதும் இதனோடு இயையும். உடன் நிற்பவன் ஒருவன் உளன் என்னும் உணர்வே அச்சத்துக்கு மாற்றாகக் கொள்ளப்பட்டது.

இவ்வுணர்வுக்குத் தமிழ்ச் சைவர் காட்டும் பெரும் எடுத்துக்காட்டு திருநாவுக்கரசர். நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டு, நஞ்சூட்டப்பட்டு, யானைமுன் நிறுத்தப்பட்டு, ஈற்றிலே கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டு, திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறிய வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். கற்றாரும் கல்லாரும் அதனைக் கேட்டே வளர்ந்தனர். ஆயினும், நாயன்மார்க்கு இயல்வது நமக்கு இயலுமோ என்னும் ஐயம் கேட்போர் நெஞ்சிலே எப்பொழுதும் ஒருபால் ஒதுங்கி நிற்கும். அதனாலேயே, சட்டம் பயின்று, அரச பதவி வகித்து, வரவுசெலவுக் கணக்குப் பார்த்து வாழ்ந்த ஒருவர் வரலாறு இங்கு வேண்டப்படுகின்றது.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதி பிறந்தவர். 28ஆம் வயதில், 1879இல், சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதியானார். நீதித்துறையில் உயர்ந்தும் செல்வத்தில் மிகுந்தும் விளங்கிய அவரும் அவர் தம்பியார் அருணாசலமும் தஞ்சையைச் சேர்ந்த இராமசாமிப் பிள்ளை என்னும் ஞானியை அடைந்து உபதேசம் பெற்றனர். அருள்பரானந்த சுவாமிகள் என இராமநாதன் போற்றியவர் அவரே. கேம்பிரிட்ஜிலே அருணாசலத்தின் நண்பராயிருந்த எட்வர்ட் கார்ப்பெண்டர் என்னும் ஆங்கில எழுத்தாளர், இலங்கைக்கு வந்து இந்த ஞானியோடு பழகி, 1892இல் வெளியான தமது பயண நூலில் அவரைப் பற்றி விரிவாக எழுதினார். அவருடைய கருத்தை மிகவும் கவர்ந்தது, மனத்திற் புகுந்த எண்ணத்தை வேண்டியபோது வெளியேற்றும் பயிற்சியாகும். மேனாட்டார் கவலையொன்று உட்புகுந்தால் அதற்கு அடிமைப்பட்டு அலைகின்றனர்; இந்த ஞானியோ அதனை உதறிவிடலாம் என்கின்றார் என வியந்தார் கார்ப்பெண்டர்.

அச்சமும் ஓர் எண்ணமே. எண்ணங்கள் அனைத்திலும் பிடிவாதம் மிக்கதும் அதுவே. அதனை உதறினால் மட்டும் போதாது. வெற்றிடத்தில் அது மீண்டும் வந்து குடிபுகும். ஆகவே பயிற்சியால் ஒழிந்த இடத்தைத் திருவருளுணர்வு நிரப்புதல் வேண்டும் என்பது சைவர் துணிபு. இராமநாதன் வாழ்விலே குருவின் பயிற்சியும் கொச்சிக்கடைக் கோயிலும் இவ்விரண்டற்கும் அடையாளங்களாக நிற்கின்றன. இன்னொன்றும் கூறத்தகும். அவர் இத்திருவருளைச் சைவரின் தனியுடைமையாகக் கருதினாரல்லர். மத்தேயு சுவிசேடத்துக்கு 1898இலும், யோவான் சுவிசேடத்துக்கு 1902இலும், ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரோடு ஆங்கிலத்தில் விரிவுரை கண்டார். அரசாங்கத்தின் சொலிசிற்றர் ஜெனரலாக இருந்துகொண்டே ஒரு சைவர் கிறித்தவ வேதத்துக்கு உரையெழுதியது, அக்காலத்தில் இரு சமயத்தாரும் புருவம் உயர்த்திய செயலாகவே இருந்திருக்கும்.

அக்காலக் கொழும்புச் சைவரிடையே வேறோர் ஊக்கமும் பரவியிருந்தது. 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து திரும்பும் வழியிற் கொழும்பில் இறங்கினார். அவரை வரவேற்றோருள் முன்நின்றவர் இராமநாதனின் தமையனார் குமாரசுவாமி. உபநிடதங்களின் சாரம் அஞ்சாமையே என்று இடையறாது முழங்கியவர் சுவாமிகள். அவர் விட்டுச்சென்ற ஊக்கத்தால் 1902இல் விவேகானந்த சபை கொழும்பில் தோன்றியது; வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் பின்னர் நிலைபெற்றது. சொற்பொழிவு கேட்கும்பொழுது எழும் வீரம் மண்டப வாயிலைத் தாண்டுமோ என்பது வேறு வினா. அதற்குரிய சோதனை 1915இல் வந்தது.

அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவிலே, கண்டியிற் பௌத்தருக்கும் கரையோரச் சோனகருக்கும் இடையே கலகம் மூண்டது. கம்பளைப் பெரஹரா பள்ளிவாசலருகே வாத்தியத்தோடு செல்லலாமோ என்பது பற்றிய வழக்கும், வியாபாரப் போட்டியும், போர்க்காலத்து விலையேற்றமும் அதற்கு முன்னரே பகையை மூட்டியிருந்தன. கலகம் சில நாட்களிற் கொழும்பை எட்டிப் பிற இடங்களுக்கும் பரவியது. சோனகர் 25 பேர் கொல்லப்பட்டனர். கடைகளும் வீடுகளுமாக 4,000க்கும் மேற்பட்டவை சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. இவ்வெண்கள் இக்கட்டுரையிற் பின்னரும் நினைக்கப்பட வேண்டியவை.

யூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் பாளி மொழியிற் பெரும் புலமை வாய்ந்தவர்; பௌத்த நூல்களைப் பதிப்பித்தவர். அவருடைய ஆட்சியிலேயே பௌத்தர் இக்கொடுமைக்கு ஆளாயினர். கலகம் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடங்கியது. இராணுவச் சட்டமோ ஒகஸ்ட் மாத இறுதிவரை நீடித்தது. பஞ்சாபிப் படையினரும் ஐரோப்பியத் தொண்டர் படையினரும் ஊர்களுட் புகுந்தனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் உளர். களவும் கொள்ளையும் பற்றிய வழக்குகளும் இராணுவ மன்றங்களுக்குச் சென்றன. கலகத்திற் பங்குகொள்ளாத சிங்களக் குடிகளிடத்தும் நட்டஈடு வற்புறுத்தி வாங்கப்பட்டது. எப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா, டபிள்யு. ஏ. டி சில்வா முதலிய தலைவர்கள் சிறைப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர், வயது 27 நிரம்பாத நிலையில், இராணுவ மன்றத் தீர்ப்பின்படி யூலை 7ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அநகாரிக தர்மபாலரின் சகோதரர் எட்மன்ட் ஹேவாவிதாரண அவ்வாண்டு நவம்பரில் யாழ்ப்பாணச் சிறையிலே இறந்தார்.

பேதிரிஸ் கொழும்பின் செல்வக் குடும்பத்தவர். ஆகவே செல்வமோ செல்வாக்கோ உயிர்காக்கும் என்னும் எண்ணம் அந்த யூலை மாதத்திலே கொழும்பிலிருந்து மறைந்தது. இராமநாதனின் துணிவைக் குறைத்து மதிப்போர், அவர் பெருஞ்செல்வர், முடிக்குரிய வழக்கறிஞர், இலண்டனில் நண்பர் பலரையுடையவர், அவருக்கு என்ன பயம் என்று கேட்பதுண்டு. அவ்வினாவுக்கு வெலிக்கடைச் சிறையிலே நிகழ்ந்தது விடையாகும். அரசுக்கு எதிராக நாவசைப்பது இராசத்துரோகம் எனக் கொள்ளப்பட்ட போர்க்காலம் அது.

இராமநாதன் அப்பொழுது சட்டநிரூபண சபையிலே கல்விகற்ற இலங்கையரின் பிரதிநிதி. 1911இல் நடைபெற்ற தேர்தலில், 3,000க்கும் குறைந்த வாக்காளர் தொகையுள், சிங்களர் பலரின் வாக்கும் பெற்றுத் தெரிவானவர். சபையில் உத்தியோகத்தரே பெரும்பான்மையினர். எந்தத் தீர்மானத்தையும் அவரால் வெல்ல இயலாது. அதிகாரிகளைப் பாதுகாக்கும் பொறுப்பு விலக்குக் கட்டளை ஒகஸ்டில் இலண்டனிலிருந்தே வந்துவிட்டது. இந்நிலையில் அவர் எழுந்து பேசினார். ஒருமுறையன்று, பலமுறை பேசினார். கலகம் அடங்கிய நாள் யாது, அதன்பின் இராணுவச் சட்டம் வேண்டப்பட்டது ஏன், இன்னாரைச் சுட்ட ஆணை எங்கிருந்து வந்தது என வழக்கறிஞர்க்குரிய நிதானத்தோடு கேட்டார். அவ்வுரைகள் 1916இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. அந்நூலில் திகதியும் சாட்சியும் சட்டமும் நிறைந்துள்ளன. பக்தியின் பெருமை பேசும் நூலன்று அது. நம்பிக்கையுடையவன் எப்பொழுதும் நம்பிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான் என எண்ணுவோர்க்கு அந்நூல் சிறிது ஏமாற்றம் தரும். அஞ்சும் மனம் கோப்பைப் பார்க்கும். ஆனால் எழுத்தைக் காணாது. கலங்காத மனமே பக்கம் பக்கமாகப் படித்து, முரணை நாடி எடுக்கும். திருவருளுணர்வு அவருக்கு நல்கிய பெரும் உதவி இக்கலங்காமையேயாகும்.

சபையிற் பேசியதோடு அவர் அமையவில்லை. முறையீட்டைக் குடியேற்ற நாட்டு அமைச்சின் முன் வைப்பதற்காக இலண்டன் செல்லத் துணிந்தார். அப்பொழுது அவருக்கு வயது 64. கடலின் நிலையோ மிகக் கொடிது. அவ்வாண்டு மே 7ஆந் திகதி லுசித்தானியா என்னும் பெருங்கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்குண்டு அமிழ, ஏறக்குறைய 1,200 பேர் மாண்டனர். டிசம்பர் 30ஆந் திகதி, பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த பேர்சியா என்னும் பயணிகள் கப்பல் கிறீற் தீவருகே தாழ, 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவுக்கு ஏறிய எவரும் கரை காண்போம் எனத் துணிந்து கூற இயலாது. கல்லே தெப்பமாக மிதந்த கதையைச் சிறுவயதிலே கேட்ட ஒருவர் இரும்புக் கப்பலில் ஏறிய இக்காட்சி, சைவ மாணாக்கர் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கத்தக்கது.

இங்கே வேறொருவரையும் மறத்தலாகாது. கோட்டையைச் சேர்ந்த ஈ. டபிள்யு. பெரேரா அக்காலத்தில் இலண்டன் சென்று இதே முறையீட்டுக்காக உழைத்தார். கண்டவிடத்துச் சுடுமாறு பிறந்த இரகசியக் கட்டளையின் பிரதியை அவர் தமது சப்பாத்தின் அடித்தோலுள் மறைத்துக் கொண்டு சென்றார் என இலங்கை மக்கள் வழிவழியாகக் கூறுவர். பெரேரா கிறித்தவர். பௌத்தருக்கு நேர்ந்த இடுக்கணுக்காக ஒரு சைவரும் ஒரு கிறித்தவரும் அக்கடலைக் கடந்தனர். சுவிசேடத்துக்கு உரை வகுத்தவருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிலேயே பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டபின், வெசாக் நாளைப் பொதுவிடுமுறையாக்கும் முயற்சியிலும் இராமநாதன் துணைநின்றவர். 1885இல் அவ்விடுமுறை கிடைத்தது.

சாமர்ஸ் 1915 டிசம்பரில் இலங்கையை விட்டு நீங்கினார். பின்வந்த தேசாதிபதி சேர் ஜோன் அண்டர்சன், விசாரணையின்றி நிகழ்ந்த சில கொலைகள் பற்றி ஆராய ஆணைக்குழு அமைத்தார். இராமநாதன் கொழும்புக்கு மீண்டபோது, சிங்களத் தலைவர்களும் இளைஞர்களும் அவர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே துறைமுகத்திலிருந்து வாட் பிளேசிலுள்ள அவர் இல்லமாகிய சுகஸ்தானம் வரை இழுத்துச் சென்றனர். இலங்கைப் பாடநூல்களிலே நிலைபெற்ற காட்சி அது.

வரலாறு எழுதுவோர் அக்காட்சியோடு நிறுத்திவிடுவதுண்டு. அது போதாது. இராமநாதனின் உரைகளிலே சிங்களர் பட்ட துன்பம் விரிவாகப் பேசப்படுகின்றது. முதல் வாரத்திலே கடையும் பள்ளிவாசலும் எரியக் கண்டு ஒளிந்துறைந்த சோனகரின் அச்சத்துக்கு அவற்றிலே தக்க இடமில்லை. 1888இலேயே, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என அவர் எழுதிய கட்டுரையால் அச்சமூகம் மனங்கசந்திருந்தது, ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதி வெளியிட்டார். 1915இல் அக்கசப்பு மேலும் வளர்ந்தது. கொல்லப்பட்ட அந்த 25 பேரின் வீட்டாருக்கும் அபய கரம் உரியதே. டொனமூர் ஆணைக்குழு 1928இல் யாவர்க்கும் வாக்குரிமை விதந்துரைத்தபோது இராமநாதன் அதனை எதிர்த்து நின்றதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அதிலும் அவர் அஞ்சாது பேசினார். காலத்தின் தீர்ப்பு அவருக்கு மாறாயிற்று. இறைவனை நம்பியவன் அஞ்சான் என்பது உண்மையாகலாம். அஞ்சாதவன் சொல்வன எல்லாம் சரியாம் என்பது அதனாற் பெறப்படாது. திருவள்ளுவரும் எல்லா அச்சத்தையும் இகழ்ந்தாரல்லர்; பழிக்கு அஞ்சுதலை அறிவுடையோர் இயல்பாகவே கொண்டார். நம்பிக்கையால் உலகியல் அச்சம் நீங்கியவனுக்கு, தன் பார்வையிற் படாதவர் உளரோ என்னும் அந்த நல்லச்சம் ஒருபடி கூடுதலாக வேண்டும்.

இராமநாதன் 1930 நவம்பர் 26ஆந் திகதி மறைந்தார். அவர் மறைந்து 53 ஆண்டுகளுக்குப் பின், 1983 யூலையில், வெள்ளவத்தைத் தெருக்களிலே தமிழர் வீடுகள் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி வகுப்பறைகள் அகதிகள் உறங்கும் இடமாயின. வீடிழந்தோருட் சிலரைத் தம் அறைகளில் ஒளித்து வைத்துக் காத்தவர் சிங்கள அயலவரே. அவர்களும் தத்தம் வாயிலில் நின்ற கூட்டத்துக்கு அஞ்சியே அதனைச் செய்தனர், அஞ்சியும் செய்தனர். 1915இல் வண்டி இழுத்த நகரம் இவ்வாறு ஆயிற்றே, அந்தப் பயணத்தால் விளைந்தது யாது என அந்நாட்களிற் கேட்டோர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் இராமநாதன் எவருடைய நன்றியையும் நம்பிக் கப்பலேறியவரல்லர். வண்டி இழுக்கப்படும் என்று அவருக்குத் தெரியாது. கரையேறுவோம் என்பதும் தெரியாது.

கொச்சிக்கடைக் கோயில் இன்றும் துறைமுகத்தருகே நிற்கின்றது. 1912இல் நாட்டிய தூண்கள் பலருடைய கை பட்டு, தோளுயரத்துக்கு எண்ணெய்ப் பளபளப்பு ஏறியிருக்கின்றன.